கீழ்வீட்டுக்காரி

ஸ்காபரோவில், ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் ஒன்றின் பேஸ்மெண்டில், நிலமட்டத்துக்கு மேலே கண்ணை மட்டும் நீட்டிப் பார்க்கும் ஒரு சின்ன யன்னலுக்குக் கீழே, தவமலர் என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் கீழே இன்னொருத்தி இருந்தாள்.

கீழே இருந்தவள் ஒரு கிரவுண்ட்ஹாக். அணிலுக்குப் பெரியம்மா முறை சொல்லலாம் போன்ற முகமும், பூனையைவிடப் பெருத்த உடம்பும், குட்டை வாலும், மண் கிண்டுவதற்கென்றே வளர்ந்த நகங்களும் கொண்ட அந்தப் பிராணிக்குத் தமிழில் ஒரு பேர் இல்லாதபடியால், தவமலர் அவளைக் கீழ்வீட்டுக்காரி என்று கூப்பிட்டாள். மரக்கறி வெட்டிப் பைகளில் அடைக்கும் தொழிற்சாலையில் தவமலருக்கு வேலை. அங்கே எறிகிற கரட் தலைகளையும் கோவா இலைகளையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்து, மத்தியானத்தில் யன்னலைத் திறந்து வெளியே வைப்பாள். கீழ்வீட்டுக்காரி வேலியடியில் இருந்து நாலு குட்டிகளோடு வந்து, பின்னங்கால்களில் எழும்பி நின்று, இரண்டு கையாலும் கரட்டைப் பிடித்துக்கொண்டு, யன்னலுக்கு உள்ளே தேத்தண்ணி குடிக்கிறவளைப் பார்த்துப் பார்த்துத் தின்பாள். இரண்டு பேரின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

"அம்மா, அது எலிச் சாதி," என்பாள் மகள் டிலக்சி. பல்கலைக்கழகம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த அவள் எதையும் இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவாள்.

"இருக்கட்டும். எலிக்கும் பசிக்கும்தானே."

வீட்டுக்காரர் குலேந்திரனுக்கு இது பிடிக்கவில்லை. பத்தொன்பது வயதில், பெரிய சண்டைகளுக்கெல்லாம் முன்னமே, ஒரு தோள்பையோடு வந்து சேர்ந்த மனிதர் அவர். "தங்கச்சி, உந்தச் சனியனுகளுக்குச் சாப்பாடு வையாதை. அதுகள் அத்திவாரத்தைக் கிண்டிப்போடுங்கள்," என்று மேலே நின்று சத்தம் போடுவார்.

"அதுகளும் உங்கட பேஸ்மெண்டிலதான் இருக்குதுகள் அண்ணை. என்னை மாதிரித்தான்."

"உன்னை மாதிரி ஹீட்டரைக் கூட்டு, கூட்டு எண்டு கரைச்சல் தராதுகள். அது ஒண்டுதான் புண்ணியம்."

ரயில் கூவினாலோ, தெருவில் அம்புலன்ஸ் போனாலோ, கீழ்வீட்டுக்காரி கூர்மையாக ஒரு விசில் அடிப்பாள். குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழிக்குள் விழும். கடைசிக் குட்டி மட்டும் எப்போதும் குழியின் வாயில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகும். அந்த ஒரு கணத்தைத் தவமலரால் பார்க்க முடியாது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆடி மாதத்தில் ஒரு காலையில் குழிவாயில் குவிந்து கிடந்த மண் சிவப்பாக இருந்தது. அந்த வளவின் மண் சாம்பல் நிறக் களி. இது செம்மண், காலால் மிதித்தால் கழுவினாலும் போகாத செம்மண். அந்த மண்ணின் நடுவில், உரப்பையால் சுற்றி நைலோன் கயிற்றால் கட்டிய ஒரு தையல் மெசின் தலை இருந்தது. கீழ்வீட்டுக்காரி அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டிலக்சி படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினாள். பின்னேரம் பிராம்ப்டனில் இருந்து செல்வராணி என்று ஒருத்தி, முதியோர் இல்லத்து வேலை உடுப்போடே வந்து இறங்கினாள். மெசினின் பக்கத்தில் ஒட்டியிருந்த சரஸ்வதிப் படத்தில் கிழிந்துபோன வீணையை விரலால் தடவினாள். "கிளிநொச்சியில எங்கட மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால தாட்டது," என்றாள். பிறகு குழிக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "மெசினோட ஒரு கத்திரிக்கோலும் வைச்சனான். அது வரேல்லையோ?"

அது அடுத்த நாள் வந்தது.

இதன் பிறகு சனம் வரத் தொடங்கியது. வன்னியில் வீட்டை விட்டு எழும்பிய ஒவ்வொரு குடும்பமும், தூக்க முடிந்ததைத் தலையில் வைத்து, தூக்க முடியாததை உரப்பையில் சுற்றி, கிணற்றடியிலோ அடுப்படியிலோ முருங்கையடியிலோ குழி வெட்டித் தாட்டுவிட்டு, இரண்டு கிழமையில் திரும்பி வந்து எடுப்பம் என்று சொல்லிக்கொண்டுதான் நடந்தது. அப்படி யாரும் திரும்பிப் போகாத கிணற்றடிகளும் அடுப்படிகளும் இப்போது ஒவ்வொன்றாக ஸ்காபரோவில் ஒரு வேலியடியில் திறந்தன. தண்ணி இறைக்கும் மெசின் வந்தது. பித்தளைக் குடம் வந்தது. கண்ணாடி உடையாத கலியாணப் படம் வந்தது. பாதி மூட்டை விதைநெல் வந்தது, அதை ஒருவர் மார்க்கம் நகரில் தன் பல்கனித் தொட்டியில் போட முளைத்தது. தன் உடம்பைவிட மூன்று மடங்கு பாரமான சாமானைக் கீழ்வீட்டுக்காரி எப்படித் தள்ளிக்கொண்டு வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை, அந்தச் சாமான்களைத் தாங்கள் எப்படித் தூக்கித் திரிந்தோம் என்று ஒருவரும் கேட்காததைப் போல.

வரிசைக்கு ஒரு ஒழுங்கு தானாக வந்தது. மொன்றியலில் இருந்து பஸ்ஸில் வந்தவர்களுக்கு முன்னுக்கு இடம். ஒரே முதலெழுத்து வெட்டிய குடத்துக்கு இரண்டு குடும்பம் உரிமை கேட்க, பொங்கலுக்கு ஒரு வீட்டிலும் சித்திரை வருசத்துக்கு மற்ற வீட்டிலும் அது இருப்பதாகத் தீர்ந்தது. குலேந்திரன் முதல் நாள் பொலிசைக் கூப்பிடுவேன் என்று நின்றவர், மூன்றாம் நாள் கராஜில் இருந்து கதிரைகளை எடுத்துப் போட்டார். நிலத்துக்குள் அவருக்கென்று ஒன்றும் இல்லை. ஆனாலும் எல்லாரையும்விட முன்னுக்கு நின்று எட்டிப் பார்த்தவர் அவர்தான்.

"உங்களுக்கு என்ன வரப்போகுது அண்ணை?" என்று செல்வராணி சிரித்தாள். "நீங்கள் பிளேனில வந்த ஆள்."

"ஆரோ ஒராளின்ர வீடு கூட்டுற தும்புத்தடி ஒண்டு வந்து, ஒருத்தரும் கேக்காட்டி, நான் எடுப்பன்," என்றார் குலேந்திரன். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. வீட்டில் வேலைக்கு நிற்கிறவனை வயிறு காயவிடுவது எங்கள் ஆட்களுக்குத் தெரியாத ஒன்று. கிணறு வெட்ட வந்தவனுக்கும் வேலி அடைக்க வந்தவனுக்கும் சோறு போட்ட கைகள் இப்போது கீழ்வீட்டுக்காரிக்குப் புட்டும் வாழைப்பழமும் குழைத்து வைத்தன. கேசரி வைத்தன. மோதகம் வைத்தன. ஒருவர் கொத்துரொட்டியே வாங்கி வந்து, மிளகாயைப் பொறுக்கி எறிந்துவிட்டு வைத்தார். குட்டிகளுக்குக் கழுத்து இல்லாமல் போனது. கீழ்வீட்டுக்காரி குழிக்குள் போகும்போது இடுப்பில் இறுகி, இரண்டு தரம் நெளிந்துதான் உள்ளே இறங்கினாள்.

வழியைக் கண்டுபிடித்தவர் வில்வராசா என்ற உழவு இயந்திர மெக்கானிக். தன் ஸ்பனர்ச் சாவிப்பெட்டியைப் பெற்றுக்கொண்டு கதிரையில் இருந்தவர், ஆவணிக் கடைசியில் ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்: "முதல் கிளிநொச்சிச் சாமான் வந்தது. பிறகு பரந்தன். பிறகு தருமபுரம். போன கிழமை விசுவமடு. இண்டைக்கு வந்த சருவச்சட்டி உடையார்கட்டு எண்டு சொல்லுகினம். கீழ்வீட்டுக்காரியும் பிள்ளையளும் சும்மா கிண்டேல்லை. நாங்கள் எழும்பி ஓடி வந்த ரோட்டாலதான் வருகினம்."

அந்த வீதியின் ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பார்க்க யாருக்கும் புத்தகம் தேவையில்லை. உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன் என்று ஒவ்வொருவர் வாயும் உள்ளுக்குள் நடந்தது.

தவமலர் யன்னலுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கால்கள் மாத்தளனில் நின்றுவிட்டன.

மாத்தளனில் கடற்கரை வெள்ளை மணலில் வெட்டிய பதுங்கு குழிக்குள் அவளுடைய மகன் சாருஜன் இருந்தான். அவனுக்கு ஏழு வயது. தகப்பன் உடையார்கட்டில் தண்ணி எடுக்கப் போய்த் திரும்பி வராத பிறகு, தவமலர் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கடல்வரைக்கும் வந்தாள். மணல் குழி சரியாமல் இருக்க மண்மூட்டை வேண்டும். மூட்டைக்குத் துணி வேண்டும். சனம் கலியாணச் சேலைகளை வெட்டிப் பை தைத்தது. தவமலரின் அரக்குக் கூறையும் அப்படித்தான் மணல் நிரம்பி, சரிகைக் கரையோடு அந்தக் குழியின் வாயில் அடுக்காக இருந்தது. காய்ச்சல் மூன்றாம் நாள் பொடியனைக் கொண்டுபோனது. அவனைத் தூக்கி வெளியே எடுக்க நேரம் வரவில்லை. எழும்புங்கோ, எழும்புங்கோ என்று சனம் ஓடத் தொடங்கியது. தவமலர் கூறை மூட்டைகளின் வயிற்றைக் கத்தியால் கீறினாள். மணல் சொரிந்து குழியை மூடியது. தண்ணிக்குப் போகும்போதெல்லாம் குழிக்குள் இருக்கிற பிள்ளைக்கு அவள் சொல்லும் வசனத்தை, வாய் பழக்கத்தில் அப்போதும் சொல்லிவிட்டாள்: "இதுக்குள்ளயே இரு ராசா. அம்மா இப்ப வாறன்."

சொல்லிவிட்டு வந்தவள் அவள். பத்து வயது டிலக்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, முகாம்களைக் கடந்து, கடல்களைக் கடந்து, இந்த நாட்டுக்கு வந்து, யார் எவ்வளவு சொல்லியும் நிலத்துக்கு மேலே ஒரு அறை எடுக்காமல் இருப்பவள். அந்த இடத்துக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள், அலையும் காற்றும் கரையை மாற்றிப் போட்டுவிட்டன, எது எந்த இடம் என்று இனித் தெரியாது என்று.

இப்போது தெரிந்த ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தவமலருக்கு இரண்டு யோசனை இல்லை. கீழ்வீட்டுக்காரி மாத்தளனுக்குப் போகவேண்டும். அவனைக் கொண்டுவரவேண்டும். என்னவாகக் கொண்டுவருவாள் என்பதை அவள் யோசிக்கவில்லை. வேலையில் கரட் வெட்டும்போது விரல் வெட்டுப்பட்டது. மத்தியானங்களில் படுக்கையடிச் சுவரில் காதை வைத்தால், சீமெந்துக்கு அந்தப் பக்கம் நகங்கள் பிறாண்டும் சத்தம் கேட்டது. அது ஒவ்வொரு நாளும் தூரமாகிக்கொண்டு போனது. தூரமாவது நல்லது என்று அவள் நினைத்தாள்.

புரட்டாதியில் அந்தச் சத்தம் குறைந்தது.

"அம்மா," என்றாள் டிலக்சி. சொல்லலாமோ விடலாமோ என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருந்தாள். "அதுகள் குளிருக்கு முதல் நித்திரைக்குப் போறது. உடம்பில கொழுப்புப் போதும் எண்டு வந்தால் போயிடும். பிறகு பங்குனி சித்திரை வரைக்கும் எழும்பாது."

"குளிருக்கு இன்னும் நாள் கிடக்கு."

"நாள்கணக்கு இல்லை அம்மா, கொழுப்புக் கணக்குத்தான். நாங்கள் குடுத்த சாப்பாட்டுக்கு..." அவள் வசனத்தை முடிக்கவில்லை.

தவமலர் படியேறி ஓடினாள். வேலியடியில் செல்வராணி ஒரு தட்டுக் கேசரியோடு குனிந்து நின்றாள்.

"வையாதை பிள்ளை. எடு. எடு அதை."

"என்னக்கா? வேலை செய்யிற சீவனைப் பட்டினி போடுறதோ? பாவம் வரும்."

"வரட்டும். நான் எடுக்கிறன் அந்தப் பாவத்தை." தட்டைப் பறித்து வேலிக்கு அந்தப் பக்கம், ரயில் பாதையில் எறிந்தாள். செல்வராணி திட்டவில்லை. தவமலரின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அடுத்ததாக எந்த ஊர் என்று யோசித்துப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சனம் சாப்பாட்டை நிறுத்தியது. பிறகு சனம் வருவதும் நின்றது. அதற்குக் காரணம் தவமலரின் கோபம் இல்லை. கிளிநொச்சியில் மெசின்களைத் தாட்டவர்கள் விசுவமடுவில் குடங்களைத் தாட்டார்கள், தேவிபுரத்தில் சட்டிகளைத் தாட்டார்கள், இரணைப்பாலைக்கு வரும்போது தாட்டுவைக்க ஒரு பை உடுப்புத்தான் இருந்தது. இரணைப்பாலையைத் தாண்டிய பிறகு தாட்டவை சாமான் இல்லை. எல்லாருக்கும் இது தெரியும். கதிரைகள் வெறுமையாயின. சிலர் மட்டும் வந்து, தெருவில் காரை நிப்பாட்டி, இறங்காமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். ஒருவர் வேலியில் ஒரு செவ்வந்திப் பூமாலையைக் கட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தார்.

தவமலர் கரட்டையும் நிறுத்தினாள். மத்தியானத்தில் கீழ்வீட்டுக்காரி யன்னலுக்கு வந்து எழும்பி நின்று உள்ளே பார்த்தாள். தவமலர் மறுபக்கம் திரும்பி இருந்தாள். அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள், கையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள், போனாள். பிள்ளைக்குச் சோறு இல்லை என்று சொன்ன நாட்களை விட இது வேறாக இல்லை என்று தவமலருக்குப் பட்டது. ஆனாலும் கொடுக்கவில்லை.

அதற்கிடையில் அவளுடைய படுக்கையடிச் சுவரில் ஒரு வெடிப்பு விழுந்தது. குலேந்திரன் கீழே வந்து ரோர்ச் அடித்துப் பார்த்தார். "தங்கச்சி, இனி ஏலாது. வீடு இறங்கினால் நாங்கள் எல்லாரும் உதுக்குள்ளதான். திங்கட்கிழமை குழியை அடைக்கக் கொங்கிரீட் லொறி வருது."

"அண்ணை, ஒரு கிழமை."

"நானும் எவ்வளவு நாள் பொறுத்தனான்."

"அண்ணை, அவை இப்ப மாத்தளனுக்குக் கிட்ட."

குலேந்திரன் ரோர்ச்சை நிப்பாட்டினார். அவருக்கு மாத்தளன் ஒரு பேர் மட்டும்தான். கீழே குனிந்து படுக்கை விரிப்பின் சுருக்கை ஒரு கையால் நேராக்கினார். பிறகு, "திங்கட்கிழமை," என்று மெல்லச் சொல்லிவிட்டு மேலே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மழை தூறியது. தவமலர் குழிவாயில் முழந்தாளில் இருந்தாள். கீழ்வீட்டுக்காரி வேலியோரத்தில் காய்ந்த புல்லை வாய் நிறையப் பிடுங்கிக்கொண்டு, பெருத்த உடம்பை ஆட்டி ஆட்டி வந்தாள். படுக்கைக்குத்தான் புல் கொண்டுபோகிறாள் என்று டிலக்சி சொல்லியிருந்தாள். தவமலர் வழியை மறித்தாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள். "உனக்குக் கால் வலிக்கும். எனக்குத் தெரியும். எனக்கும் வலிச்சது. இன்னும் கொஞ்சம்தான், ரோட்டு முடியிற இடம்தான். உன்ர பிள்ளையள் நாலும் உன்னோட இருக்கு. என்ர ஒண்டு அங்க தனிய இருக்கு. இப்ப வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

கீழ்வீட்டுக்காரி வாயில் புல்லோடு நின்றாள். மழையில் புல் நனைந்து சொட்டியது. கண்கள் பாதி மூடியிருந்தன. நித்திரையில் விழப்போகும் ஒருத்தியிடம் கெஞ்சிக்கொண்டிருப்பதைத் தவமலர் கண்டாள். அந்த நனைந்த புல்லையும் கண்டாள். ஈரப் புல்லில் எந்தப் பிள்ளையைப் படுக்க வைப்பது?

எழும்பி உள்ளே போனாள். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிரில், பழைய உடுப்புக் கடையில், ஏழு வயதுப் பிள்ளைக்கு அளவான ஒரு நீலக் கம்பளிச் சுவெட்டரை அவள் வாங்கியிருந்தாள். வீட்டில் ஏழு வயதில் ஒருத்தரும் இருக்கவில்லை. அது அலுமாரியின் அடியில் இருந்தது. டிலக்சி அதைப் பல தரம் கண்டிருக்கிறாள். ஒரு தரமும் கேட்கவில்லை. இப்போது அம்மா அதை எடுத்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்து, குடையை விரித்துக்கொண்டு பின்னால் போனாள்.

தவமலர் சுவெட்டரைக் குழிவாயில் வைத்து, பக்கத்தில் ஒரு பிடி கரட்டும் வைத்தாள். கீழ்வீட்டுக்காரி புல்லைக் கீழே போட்டாள். கரட்டைத் தொடவில்லை. சுவெட்டரை மணந்து பார்த்தாள், அதன் ஒரு கையைப் பல்லால் கவ்வினாள், பின்பக்கமாக இழுத்துக்கொண்டு இறங்கினாள். நீலம் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்துக்குள் போனது. சுவெட்டரின் கடைசிக் கை குழியின் வாயில் ஒரு கணம் விரிந்து கிடந்தது. இந்தத் தரம் தவமலர் முகத்தைத் திருப்பவில்லை.

திங்கட்கிழமை காலையில் குழி உள்ளே இருந்து அடைக்கப்பட்டிருந்தது. அடைத்திருந்தது களியும் இல்லை, செம்மண்ணும் இல்லை. மாவைப்போல வெள்ளை மணல். சிப்பித் துண்டுகள் கலந்த, உப்பு மணக்கிற மணல். அதற்குள் ஒரு அரக்கு நூல், சரிகை சுற்றினபடி, வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது.

குலேந்திரன் மண்வெட்டியோடு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "தங்கச்சி, போய்ச் சேர்ந்திட்டினம். கிட்டத்தான். நான் கிண்டுறன். லொறிக்காரனை வரவேண்டாம் எண்டிட்டன். விலகு, நான் கிண்டுறன்." தனக்கென்று ஒன்றும் வராத நிலத்தில் அவர் எதையாவது கிண்டியெடுக்கத் தவித்தார்.

தவமலர் மண்வெட்டியின் பிடியில் கையை வைத்தாள்.

"வேண்டாம் அண்ணை."

"என்ன விசர்க்கதை? இதுக்குத்தானே இவ்வளவு நாளும்..."

"மேல வந்தால் எங்க அண்ணை வைக்கிறது? திரும்பவும் புதைக்கத்தானே வேணும். என்னால ரெண்டாந்தரம் ஏலாது." நூலை எடுத்து விரலில் சுற்றினாள். "இப்ப துணைக்கு ஆள் இருக்கு. நித்திரை குழம்பப்படாது."

குலேந்திரன் மண்வெட்டியை வேலியில் சாத்தினார். பிறகு குனிந்து, அந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று பாராமல் சட்டைப் பொக்கெற்றில் போட்டுக்கொண்டார். வருசா வருசம் மேப்பிள் இலைகளை ஒன்று விடாமல் வாரிப் பையில் கட்டி வைக்கிற மனிதர், அந்த வருசம் எல்லா இலையையும் வாரிக்கொண்டு வந்து வேலியடியில் கொட்டினார். அதற்கு மேலே பனி விழுந்தது.

வேலையால் வந்ததும் தவமலர் சப்பாத்தைக் கழற்றாமலே படுக்கையடிச் சுவருக்குப் போவாள். வெடிப்பில் காதை வைப்பாள். குளிரில் உறங்கும் அந்தப் பிராணி வெகு அபூர்வமாகத்தான் மூச்சு விடும் என்று டிலக்சி சொல்லியிருந்தாள், பயப்படாதை அம்மா என்றும் சொல்லியிருந்தாள். ஒரு மூச்சு வரும், கனத்து, மெதுவாக, மண்ணே விடும் மூச்சைப்போல. அதன் பிறகு ஒன்றும் இருக்காது. தெருவில் பனி அள்ளும் வண்டி போகும், மேல்வீட்டில் குழாய் திறந்து மூடும், தேத்தண்ணிக்கு வைத்த தண்ணி கொதித்து வற்றும், அப்போதும் ஒன்றும் இருக்காது, இனி வராது என்று நிச்சயமாகும் இடம்வரை போய், அந்த இடத்தையும் தாண்டி, அடுத்த மூச்சு வரும். அதற்குப் பக்கத்தில், அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு சின்ன மூச்சும் வரும்.

அது வரும்வரைக்கும் தவமலர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.